"குமாரனும் அறியார்": மாற்கு 13:32-உம் கிறிஸ்துவின் இரு இயல்புகளும்

தேடல் எழுதியது:

மாற்கு 13:32-இல் இயேசு கடைசி நாளைப் பற்றிச் சொல்வது இது: "அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான், பரலோகத்திலுள்ள தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார்." இதற்கு நான் வழக்கமாகக் கேட்டிருக்கும் விளக்கம், அவர் தேவனாக அறிந்திருந்தார், மனிதனாக அறியவில்லை என்பதுதான். பிரசங்கங்களில் அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறது. எனக்கோ அங்கேதான் கேள்வி எழுகிறது.

ஒருவரைப் பற்றியே "அவருக்குத் தெரியும்" என்றும் "அவருக்குத் தெரியாது" என்றும் ஒரே வேளையில் சொல்ல வேண்டியிருந்தால், அங்கே இருவர் இருக்க வேண்டும், அல்லது இரண்டில் ஒரு கூற்று பெயரளவுக்கு மட்டுமே உண்மையாக இருக்க வேண்டும். முதலாவது, ஐந்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளின் ஆயராயிருந்த நெஸ்தோரியுஸின் மேல் சுமத்தப்பட்ட தவறு. இரண்டாவதை ஏற்றால் அவருடைய மனிதத்தன்மை வெறும் வேடமாகிவிடும். கிறிஸ்துவின் தேவத்துவத்தை மறுப்பது என் நோக்கமல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்து ஒருவரே, அவருக்கு இயல்புகள் இரண்டு என்று சொன்ன கால்செதோன் சங்கத்தின் (திருச்சபை ஆயர்களின் பொதுக்கூட்டத்தின்) அறிக்கையை ஏற்பவர்கள் இந்த இரண்டு பள்ளங்களிலும் விழாமல் எப்படிக் கடக்கிறார்கள் என்பதையே அறிய விரும்புகிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறேன். வசனத்தின் வரிசை மனிதரில் தொடங்கித் தூதர்களுக்கும், அவர்களுக்கு மேல் குமாரனுக்கும், கடைசியில் பிதாவுக்கும் ஏறுகிறது. தம்மைத் தூதர்களுக்கு மேல் வைத்துக்கொண்ட அதே மூச்சில் தமக்குத் தெரியாது என்கிறார். ஆகவே அவர் வெறும் மனிதராகவே பேசினார் என்று சொல்லிக் கடந்துபோகவும் வசனம் இடம் கொடுக்கவில்லை.

வேதபாடம் எழுதியது:

சகோதரரே, பிலிப்பியர் 2:6, 7-ஐ வாசித்தால் இதில் இவ்வளவு சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. "தேவனுடைய ரூபமாயிருந்தும்" அவர் "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்" என்று பவுல் எழுதுகிறார். வெறுமையாக்கியவற்றுள் எல்லாம் அறியும் ஆற்றலும் ஒன்று. லூக்கா 2:52 அவர் ஞானத்தில் விருத்தியடைந்தார் என்கிறது. ஏற்கெனவே எல்லாவற்றையும் அறிந்த ஒருவர் எப்படி ஞானத்தில் வளர முடியும்? பூமியில் இருந்த நாட்களில் அவர் அந்த ஆற்றலை விட்டிருந்தார், உயிர்த்தெழுந்தபின் திரும்பப் பெற்றார் என்று கொண்டால் இருவரும் வேண்டாம், வேடமும் வேண்டாம்.

நடுக்கோடு எழுதியது:

நண்பர் வேதபாடம் அவர்களின் பதிலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் கேள்வியின் அடித்தளத்தைப் பார்ப்போம்.

451-ஆம் ஆண்டு கால்செதோனில் கூடிய சங்கத்தின் அறிக்கையை நினைவுகூரும் பெரும்பாலோர் அதில் வரும் நான்கு எதிர்மறைகளோடு நின்றுவிடுகிறார்கள்: கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல். ஆனால் அந்த நீண்ட வாக்கியத்தைத் தாங்கி நிற்கிற தூண், திரும்பத் திரும்ப வரும் "ஒருவரும் அவரே" என்னும் சொல்லாட்சி. தேவத்துவத்தில் முழுமையானவரும் அவரே, மனிதத்தன்மையில் முழுமையானவரும் அவரே; தேவத்துவத்தின்படி தந்தையோடு ஒரே பொருளானவரும், மனிதத்தன்மையின்படி பாவம் தவிர எல்லாவற்றிலும் நம்மோடு ஒத்தவரும் அவரே. இரண்டு இயல்புகளை எண்ணிச் சொல்வதற்கு முன்னரே அறிக்கை எழுவாயை ஒன்றாக நிறுத்திவிடுகிறது.

இதனால் இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். "யார்" என்பது ஒன்று, "எது" என்பது மற்றொன்று. யார் பசித்தார், யார் அழுதார், யார் மரித்தார் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றே: தேவகுமாரன். எதில் பசித்தார், எதில் மரித்தார் என்று கேட்டால், மனித இயல்பில் என்பது பதில். இயல்பு பசிப்பதில்லை, இயல்பு அறிவதும் இல்லை; ஓர் இயல்பைக் கொண்டவரே பசிக்கிறார், அறிகிறார். எனவே "மனித இயல்புக்குத் தெரியாது, தேவ இயல்புக்குத் தெரியும்" என்று பேசுகிறவர் தம்மை அறியாமலேயே இயல்புகளை இரண்டு ஆட்களாக ஆக்கிவிடுகிறார். நீங்கள் கேட்ட பிரசங்கங்களின் குறை அங்கேதான் இருக்கிறது. சரியான வடிவம் இது: தேவகுமாரனாகிய ஒருவரே தமது மனித மனத்தில் அதை அறியாதிருந்தார்.

இந்த வடிவமும் உங்கள் இரண்டாவது பள்ளத்தை முழுவதும் மூடிவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் முதலாவதை மூடுகிறது.

கீழைமரபு எழுதியது:

கால்செதோனை ஏற்காத கீழை மரபைச் சேர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கோப்து, சிரிய, ஆர்மீனிய, எத்தியோப்பியச் சபைகள் இந்த மரபில் உள்ளவை. எங்களை "ஒற்றை இயல்புக் கொள்கையினர்" என்று அழைத்து, யூத்திக்குஸோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நூல்களில் இன்னும் நிற்காத ஒரு பழக்கம். கிறிஸ்துவின் மனித இயல்பு தேவ இயல்பில் கரைந்துபோனது என்ற, அவர் பெயரோடு வழங்கும் கருத்தை நாங்களும் சபித்தே தள்ளியிருக்கிறோம்.

நண்பர் நடுக்கோடு அவர்கள், இயல்பு செயல்படுவதில்லை, ஆளே செயல்படுகிறார் என்று அழகாகச் சொன்னார். அப்படியானால் 449-இல் ரோமை ஆயர் லியோ எழுதி, கால்செதோனில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கடிதத்தில் ஒவ்வொரு வடிவமும் (அதாவது இயல்பும்) மற்றதன் தோழமையில் தனக்கு உரியதைச் செய்கிறது என்று ஏன் எழுதப்பட்டிருக்கிறது? வார்த்தை (அதாவது தேவகுமாரன்) வார்த்தைக்கு உரியதைச் செய்கிறது, மாம்சம் மாம்சத்துக்கு உரியதைச் செய்கிறது, ஒன்று அற்புதங்களால் ஒளிர்கிறது, மற்றது அவமானங்களுக்கு உட்படுகிறது என்று அந்தப் பகுதி தொடர்கிறது. எழுவாய் அங்கே வடிவங்கள். எங்கள் முன்னோர்கள் பதற்றமடைந்தது இந்த இடத்தில்தான். அலெக்சாந்திரியாவின் சிரில் கற்பித்த "மாம்சமான தேவ வார்த்தையின் ஒரே இயல்பு" என்ற வாய்பாட்டை நாங்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்கும் அதுவே காரணம். ஒருமைப்பாடு இரண்டு இயல்புகளிலிருந்து நிகழ்ந்தது என்கிறோம். ஒன்றுபட்ட பின்பு அவற்றைச் சிந்தனையில் மட்டுமே வேறுபடுத்த முடியும் என்று அந்தியோக்கியாவின் செவேருஸ் விளக்குவார்.

நேர்மைக்காக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேடல் அவர்களின் கேள்வி எங்கள் தரப்பையும் விட்டுவைக்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தெமிஸ்தியுஸ் என்ற திருத்தொண்டர், கிறிஸ்துவின் உடல் பசியையும் களைப்பையும் அறிந்தது உண்மையானால் அவருடைய ஆன்மா அறியாமையையும் அறிந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அவரைப் பின்பற்றியவர்களுக்கு அறியாமைக் கொள்கையினர் என்று பெயர் வந்தது. எங்கள் மரபு அவரை ஏற்கவில்லை. கால்செதோன் தரப்பும் ஏற்கவில்லை. இரு தரப்பும் ஒன்றாக மறுத்த சிலவற்றுள் இதுவும் ஒன்று.

வரலாற்று மாணவி எழுதியது:

இந்த வசனம் நூற்றாண்டுகளாகப் பந்தாடப்பட்ட வசனம் என்பதால், யார் எதற்காக எதைச் சொன்னார்கள் என்பதைப் பார்ப்பது பயன்தரும் என்று நினைக்கிறேன்.

நான்காம் நூற்றாண்டில், குமாரன் படைக்கப்பட்டவர் என்று கற்பித்த ஆரியுஸின் தரப்பு இதை விருப்பத்தோடு எடுத்தாண்டது. தந்தைக்குத் தெரிந்தது மகனுக்குத் தெரியவில்லை என்றால் இருவரும் ஒரே பொருளானவர்கள் அல்லர் என்பது அவர்களின் வாதம். நிசேயா சங்கம் 325-இல் அறிக்கையிட்டதை நேராகத் தாக்குகிற வாதம் அது. நிசேயாவின் பக்கம் நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் கொடுத்த பதில், மனிதனாக அவர் அறியவில்லை, ஏனெனில் அறியாமை மனிதருக்கு உரியது, அவரோ மனிதரானார் என்பது. லாசருவை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டவர் அவனை உயிரோடு எழுப்பினார் அல்லவா என்று அவர் இணைத்துக் காட்டுவார். நாசியான்சு கிரகோரியும் ஏறக்குறைய இதே வழியில் போகிறார். செசரியாவின் பசிலியுஸ் வேறு வழியை எடுத்தார்: தந்தை அறியாமல் குமாரனும் அறிந்திருக்கமாட்டார், அதாவது குமாரனின் அறிவுக்கு ஊற்று தந்தையே என்று வசனத்தை வாசிக்கலாம் என்றார். அகஸ்தீனார், சீடர்களுக்கு அறிவிக்க வேண்டிய விதத்தில் அவர் அறிந்திருக்கவில்லை, அதாவது அவர் அதை வெளிப்படுத்தவில்லை என்று விளக்கினார். அறியாமைக் கொள்கையினரை மறுத்து 600-ஆம் ஆண்டு வாக்கில் அலெக்சாந்திரியாவின் எவுலோகியுஸுக்கு எழுதிய ரோமை ஆயர் பெரிய கிரகோரி, அவர் அந்த நாளை மனித இயல்பில் அறிந்திருந்தார், ஆனால் மனித இயல்பிலிருந்து அறியவில்லை என்றார். மனித மனத்தில் அந்த அறிவு இருந்தது, அதற்கு மூலம் மனித மனம் அன்று என்பது பொருள்.

என் தனிப்பட்ட மதிப்பீட்டைச் சொன்னால், இவற்றில் அகஸ்தீனாரின் விளக்கமே மிகவும் பலவீனமானது. அந்த அளவுகோலை வைத்தால் தந்தையும் சீடர்களுக்கு நேரடியாக அறிவிக்கவில்லை; பின் அவரை மட்டும் ஏன் விலக்கிச் சொல்ல வேண்டும்?

ஆனால் இந்த வசனத்தைவிட முக்கியமான நிகழ்ச்சி லவோதிக்கேயாவின் அப்பொல்லினாரிஸ் தொடர்பானது. அவர் ஆரியுஸின் எதிரி, நிசேயாவின் நண்பர், அத்தனாசியுஸோடு நட்புப் பூண்டவர். கிறிஸ்துவுக்கு மனித மனம் இருந்திருக்க முடியாது, மனம் இருக்க வேண்டிய இடத்தில் தேவ வார்த்தையே இருந்தார் என்று அவர் கற்பித்தார். அப்படி வைத்துக்கொண்டால் மாற்கு 13:32 விடை சொல்லவே முடியாத வசனமாகிவிடும், ஏனெனில் அறியாதிருக்க அங்கே தேவ அறிவைத் தவிர வேறு அறிவே இல்லை. 381-இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் இந்தப் போதனையை விலக்கியது. நாசியான்சு கிரகோரி கிளெதோனியுஸுக்கு எழுதிய கடிதத்தில் அதற்குச் சொன்ன காரணம் பின்னால் வந்த எல்லா விவாதங்களுக்கும் அச்சாணி ஆயிற்று: எது ஏற்கப்படவில்லையோ அது குணமாக்கப்படவில்லை. மனிதரில் முதலில் விழுந்தது மனம். அந்த மனத்தை அவர் ஏற்காமல் விட்டிருந்தால், குணமாக வேண்டிய இடத்தையே விட்டுவிட்டார் என்று பொருள். (கீழைமரபு அவர்கள் சொன்ன "ஒரே இயல்பு" வாய்பாடு அத்தனாசியுஸுடையது என்று சிரில் நம்பினார், அது உண்மையில் அப்பொல்லினாரிஸின் எழுத்திலிருந்து வந்தது. சிரில் அதற்குக் கொடுத்த பொருள் அப்பொல்லினாரிஸின் பொருள் அல்ல என்பதால் இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.)

எளியவன் எழுதியது:

படிக்கும்போது தலை சுற்றுகிறது. ஆண்டவர் நம்மை இரட்சிக்கிறார் என்று விசுவாசித்தால் போதாதா? இந்தச் சங்கங்களும் சாபங்களும் ஒரு சாதாரண விசுவாசிக்கு எதற்கு?

வரலாற்று மாணவி எழுதியது:

எளியவன் ஐயா, அந்தச் சங்கங்களில் கூடியவர்களில் பலருக்கும் உங்கள் கேள்விதான் இருந்தது. தேவன் அல்லாதவர் என்னை மீட்க முடியுமா, என்னைப் போன்ற மனிதர் அல்லாதவர் எனக்காக நிற்க முடியுமா என்பவை விசுவாசியின் கேள்விகளே. "எது ஏற்கப்படவில்லையோ" என்ற வாக்கியமே இரட்சிப்பைப் பற்றியதுதான். அரசியலும் சாபங்களும் மிதமிஞ்சிப் போயின என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. 449-இல் எபேசுவில் நடந்த கூட்டத்தை லியோவே கொள்ளையர் கூட்டம் என்று அழைக்கும் அளவுக்கு அது போயிற்று.

தேடல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் முதல் பள்ளம் மூடப்பட்டது என்று ஏற்கிறேன், அல்லது மூடப்பட்டதாக வைத்துக்கொண்டு மேலே போகலாம். இரண்டாவதை இப்போது இன்னும் கூர்மையாகக் கேட்கிறேன்.

ஒருவரே தேவ அறிவில் அந்த நாளை அறிந்திருந்தார், மனித அறிவில் அறியாதிருந்தார் என்கிறீர்கள். சீடர்கள் கேட்டபோது "எனக்குத் தெரியாது" என்றவர் யார்? நீங்களே சொன்ன முறைப்படி, அந்த ஒருவர். அந்த ஒருவருக்குத் தெரியும் என்றும் நீங்களே சொல்கிறீர்கள். ஒரு செய்தியை அறிந்த ஒருவர், தாம் அறிந்த ஒரு வழியை மனத்துக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டு, மற்றொரு வழியில் தெரியாது என்று பதில் சொன்னால், அதை வேறு எவரிடத்திலும் நாம் உண்மை என்று மதிப்பதில்லை. இயல்புகளை வேறுபடுத்துவது இந்தக் குறையை நீக்குகிறதா, அல்லது மறைக்கிறதா?

வேதபாடம் எழுதியது:

இதனால்தான் நான் முதலிலேயே அவர் அந்த ஆற்றலை விட்டிருந்தார் என்று சொன்னேன். விட்டிருந்தால் உண்மையிலேயே தெரியாது. உண்மையிலேயே தெரியாதவர் தெரியாது என்று சொன்னார். இதைவிட எளிமையான விடை என்ன இருக்கிறது?

நடுக்கோடு எழுதியது:

எளிமையான விடைதான், வேதபாடம் அவர்களே. அதற்குக் கொடுக்க வேண்டிய விலைதான் பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லூத்தரன் இறையியலாளர் காட்ஃபிரீட் தோமாசியுஸ் உங்கள் கருத்தை ஒழுங்கான போதனையாக வகுத்தார். தேவனுடைய பண்புகளில் பரிசுத்தம், அன்பு, சத்தியம் போன்றவை அவருடைய உள்ளியல்பைச் சேர்ந்தவை, சர்வ வல்லமை, சர்வ ஞானம், எங்கும் நிறைந்திருத்தல் ஆகியவை உலகத்தோடு அவருக்கு உள்ள உறவைச் சேர்ந்தவை என்று பிரித்து, மாம்சமானபோது இரண்டாம் வகையை வார்த்தையானவர் விட்டுவிட்டார் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொலோசெயர் 1:17 "எல்லாம் அவருக்குள் நிலைநிற்கிறது" என்கிறது. அவர் தாயின் கருவில் இருந்த மாதங்களில் எல்லாம் எதற்குள் நிலைநின்றது? தந்தை தனியாக அந்தப் பொறுப்பை ஏற்றார் என்றால், திரித்துவத்துக்குள்ளேயே ஒரு மாற்றம் நிகழ்ந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மாறாமல் என்ற கால்செதோனின் சொல்லை அது நேராக மீறுகிறது.

பவுலின் வாக்கியத்தையும் மறுபடி வாசியுங்கள். வெறுமையாக்கினார் என்பதற்கு அடுத்து, எதை விட்டார் என்ற பட்டியல் வருவதில்லை, எதை எடுத்தார் என்பதே வருகிறது: "அடிமையின் ரூபமெடுத்து." எடுத்ததே அவருடைய தாழ்மை. கால்வின் வழிவந்த சீர்திருத்த மரபினர் இதில் உறுதியாக நின்றார்கள். தேவத்துவம் எங்கும் நிறைந்தது ஆகையால், அது ஏற்றுக்கொண்ட மனிதத்தன்மையின் எல்லைக்கு அப்பாலும் இருக்கிறது, ஆனாலும் அதோடு ஒன்றுபட்டும் இருக்கிறது என்று 1563-இன் ஹைடல்பர்க் வினாவிடை 48-ஆம் கேள்வியில் கற்பிக்கிறது. லூத்தரன்கள் அதை ஏற்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீசன், டியூபிங்கன் இறையியலாளர்களுக்குள் நடந்த சண்டையும் இதன் கிளைதான்: கிறிஸ்து தமது மனிதத்தன்மைக்குக் கொடுக்கப்பட்ட தெய்வீக மேன்மைகளை உபயோகிக்காமல் இருந்தாரா, மறைவாக உபயோகித்தாரா என்பது அங்கே கேள்வி. அதற்குள் இப்போது நுழைய வேண்டாம்; இழை நம் கையை விட்டுப் போய்விடும்.

தேடல் அவர்களின் கூர்மையான கேள்விக்கு என் பதில், சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த கெத்செமனே வழியாகவே போக முடியும்.

"என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" (லூக்கா 22:42). ஏழாம் நூற்றாண்டில் பேரரசின் ஒற்றுமைக்காக, கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம் என்று சொல்லி எல்லோரையும் சமாதானப்படுத்தலாம் என்று கான்ஸ்டான்டிநோபிள் மறைமுதல்வர் செர்கியுஸ் முயன்றார். 638-இல் பேரரசர் ஹெராக்லியுஸின் பெயரால் அது ஆணையாக வெளிவந்தது. 648-இல் வேறோர் ஆணை, ஒரு சித்தமா இரண்டா என்று பேசவே கூடாது என்றது. துறவியான மாக்சிமுஸ் இரண்டையும் ஏற்கவில்லை. முதிர்ந்த வயதில் அவருடைய நாக்கும் வலக்கையும் வெட்டப்பட்டன. 662-இல் நாடுகடத்தப்பட்ட இடத்தில் இறந்தார். பிறகு 680, 681-இல் கூடிய மூன்றாம் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவருடைய போதனையையே உறுதிப்படுத்தியது, அவருடைய பெயரைக் குறிப்பிடாமலேயே.

அவருடைய வாதம் இது. சித்தம் ஆளுக்கு உரியது என்றால் திரித்துவத்தில் மூன்று ஆட்களுக்கு மூன்று சித்தங்கள் வந்துவிடும். ஆகவே சித்தம் இயல்புக்கு உரியது. இரண்டு இயல்புகள் உள்ளவருக்குச் சித்தமும் இரண்டு. கெத்செமனேயில் மரணத்துக்கு முன் ஒடுங்குவது மனித சித்தம். ஒடுங்கி, பின்பு தந்தைக்குக் கீழ்ப்படிவதும் அதே மனித சித்தம்தான். இரண்டாவது பாதி முக்கியமானது. தேவ சித்தம் தந்தையின் சித்தத்துக்கு அங்கே "கீழ்ப்படியவில்லை", ஏனெனில் அது தந்தையின் சித்தமேதான். கீழ்ப்படிதல் மனித சித்தத்தில் நடக்கவில்லை என்றால் அது எங்கும் நடக்கவில்லை. ஆதாம் மறுத்த இடத்தில் ஒரு மனிதர் சம்மதித்தார் என்று சொல்வதற்கு எதுவுமே இல்லாமல் போய்விடும்.

இப்போது இதை அறிவுக்குப் பொருத்துங்கள். சித்தம் இயல்புக்கு உரியது போலவே மனமும் இயல்புக்கு உரியது. அவருடைய தேவ அறிவு, மனித மனத்துக்குப் பின்னால் பூட்டி வைக்கப்பட்டிருந்து, வேண்டியபோது திறந்து எடுக்கப்படும் இரண்டாவது களஞ்சியம் அல்ல. படைப்பாளரின் அறிவு படைக்கப்பட்ட எந்த மனத்துக்குள்ளும் அடங்குவதில்லை; அடங்கினால் அந்த மனம் மனித மனமாகவே இருக்காது. சீடர்களோடு மனித நாவால் பேசியவர், மனித மனத்தில் உள்ளதைப் பேசினார். மனிதருக்குள்ள வேறு பேச்சு அவரிடம் இல்லை. "அறியார்" என்பது அந்த மனத்தைப் பற்றிய உண்மையான செய்தி. மனத்துக்குள் ஒதுக்கிவைத்துக்கொண்டார் என்ற உங்கள் குற்றச்சாட்டு நிற்பதற்கு, அந்த அறிவு அதே மனத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று பெரிய கிரகோரி சொன்னார். அவருடைய விளக்கத்தை ஏற்றால் உங்கள் கேள்வி அவரை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். நான் ஏற்பது அத்தனாசியுஸின் விளக்கத்தை.

பிறகும் ஒருவர் அறிந்தார், அறியவில்லை என்ற முரண் மிஞ்சுகிறது என்பீர்கள். ஒரே விதத்தில் சொன்னால்தான் முரண். ஒருவரே பிறப்பில்லாதவரும் பிறந்தவரும், மரணமில்லாதவரும் மரித்தவரும் என்று சொல்லும்போது நாம் ஏற்கும் அதே விதிதான் இங்கேயும் செயல்படுகிறது. அறிவுக்கு மட்டும் அதை மறுப்பவர் சிலுவைக்கும் மறுக்க வேண்டியிருக்கும்.

கீழைமரபு எழுதியது:

கெத்செமனேயைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதியோடு நான் உடன்படுகிறேன். உண்மையான மனித சித்தம் இல்லாமல் கீழ்ப்படிதல் இல்லை என்பதை நாங்களும் கற்பிக்கிறோம். ஆனால் இரண்டு மனங்கள், இரண்டு சித்தங்கள் என்று எண்ணிக்கையை அடுக்கிக்கொண்டே போகும்போது, வாசிப்பவரின் கண்முன் இரண்டு உருவங்கள் எழுகின்றன. எங்கள் தந்தையர் தேவமனித செயல் என்று ஒருமையில் பேசியது அந்த உருவங்கள் எழாமல் காப்பதற்கு. பழுக்கக் காய்ச்சிய இரும்பு வெட்டவும் செய்கிறது, சுடவும் செய்கிறது. வெட்டுவது இரும்பின் தன்மை, சுடுவது நெருப்பின் தன்மை, ஆனால் தொட்ட கை இரண்டையும் தனித்தனியாக உணர்வதில்லை. இது பழைய உவமைதான். நாம் சுவிசேஷத்தில் சந்திப்பதும் அப்படிப்பட்ட ஒருவரையே.

எங்களுக்கும் உங்களுக்கும் இடையே உள்ளது விசுவாசத்தின் வேறுபாடா, அதைச் சொல்லும் முறையின் வேறுபாடா என்ற கேள்வி பழையது. 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கோப்து மறைமுதல்வர் மூன்றாம் ஷெனூதாவும் கையெழுத்திட்ட பொது அறிக்கை, அவருடைய தேவத்துவம் மனிதத்தன்மையோடு கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் ஒன்றுபட்டிருக்கிறது என்றும், ஒரு கணமும் கண்ணிமைக்கும் நேரமும் அதைவிட்டுப் பிரியவில்லை என்றும் சொல்கிறது. இயல்புகளை எண்ணாமலே அதைச் சொல்ல முடிந்தது. எதிர்முனையில், நெஸ்தோரியுஸின் பெயரோடு பிணைத்துப் பேசப்பட்ட அசீரியக் கீழைச் சபையோடு 1994-இல் ரோமை வெளியிட்ட அறிக்கையும் இதே திசையில் போகிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் நீண்ட ஒரு சண்டைக்கு இது போதுமான முடிவு அல்ல என்று நினைப்பவர்கள் எங்களிலும் உண்டு. நான் அவர்களில் ஒருவன் அல்ல.

தேடல் எழுதியது:

நடுக்கோடு அவர்களின் பதில் என் கேள்வியின் வலுவான வடிவத்தைத்தான் எதிர்கொண்டிருக்கிறது. ஆனால் வசனத்திலேயே ஒரு தடை மிச்சம் இருக்கிறது. இயேசு "மனுஷகுமாரன் அறியார்" என்று சொல்லியிருந்தால் மனித மனத்தைப் பற்றிய விளக்கம் இயல்பாகப் பொருந்தியிருக்கும். அதே அதிகாரத்தின் 26-ஆம் வசனத்தில் அந்தப் பெயர் அவருடைய வாயில் இருக்கவே செய்கிறது. 32-இல் அவர் சொல்வதோ "குமாரன்", அதுவும் "பிதா" என்பதற்கு இணையாக. தெய்வீக உறவைக் குறிக்கும் பெயரை வைத்துக்கொண்டு மனித மனத்தைப் பற்றிப் பேசினார் என்பது வலிந்து சொல்வதாக இல்லையா? "பிதா ஒருவர் தவிர" என்றால் பரிசுத்த ஆவியானவரும் அறியார் என்று ஆகாதா?

நடுக்கோடு எழுதியது:

பின்னதிலிருந்து தொடங்குகிறேன். "தேவனுடைய ஆவியேயன்றி, ஒருவனும் தேவனுக்குரியவைகளை அறியமாட்டான்" என்று 1 கொரிந்தியர் 2:11 சொல்கிறது. ஆகவே "பிதா ஒருவர்" என்பது ஆவியானவரை விலக்குகிற சொல்லாக இருக்க முடியாது. வேதத்தில் "ஒருவர்" என்பது படைப்புகளிடமிருந்து தேவனைப் பிரித்துக் காட்டும் இடங்கள் பல உண்டு. பசிலியுஸின் விளக்கத்துக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெயரைப் பற்றிய தடை அப்படிப்பட்டதல்ல. அது என் தரப்புக்கே சாட்சி. 1 கொரிந்தியர் 2-இன் 8-ஆம் வசனத்தில் பவுல், "அறிந்தார்களானால், மகிமையின் கர்த்தரை அவர்கள் சிலுவையில் அறையமாட்டார்களே" என்கிறார். பெயர் தேவத்துவத்துக்கு உரியது, நிகழ்ந்ததோ மாம்சத்தில். அப்போஸ்தலன் அதை விளக்கவும் இல்லை, தணிக்கவும் இல்லை. பெயர் யார் என்பதைச் சொல்கிறது. பயனிலை எதில் என்பதைச் சொல்கிறது. 431-இல் எபேசுவில் நடந்த சண்டை முழுவதும் இதைப் பற்றியதே. மரியாளைத் தேவதாய் என்று அழைக்கலாமா என்ற கேள்வியில், தேவன் என்ற பெயருக்குப் பிறப்பு என்ற பயனிலையைச் சேர்க்க நெஸ்தோரியுஸ் தயங்கினார். கிறிஸ்துவின் தாய் என்று சொன்னால் போதும் என்றார். அந்தத் தயக்கத்தைத்தான் சிரில் தாக்கினார்: பிறந்தவர் தேவகுமாரன் அல்ல என்றால் பிறந்தவர் யார்?

"குமாரன் அறியார்" என்ற வாக்கியமும் "மகிமையின் கர்த்தர் அறையப்பட்டார்" என்ற வாக்கியமும் இலக்கணத்தில் ஒன்றே. நீங்கள் எதிர்பார்த்தபடி "மனுஷகுமாரன் அறியார்" என்று இருந்திருந்தால், குமாரன் ஒருவர், மனுஷகுமாரன் மற்றொருவர் என்று எண்ணுகிறவர்களுக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கும். இந்த வசனம் அந்தக் கதவை மூடியே வைத்திருக்கிறது.

வேதபாடம் எழுதியது:

நடுக்கோடு அவர்களின் வாதத்தை நான் முழுவதும் ஏற்கவில்லை; ஆற்றலை உபயோகிக்காமல் இருந்தார் என்ற அளவுக்காவது பிலிப்பியர் 2-க்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதில் நிற்கிறேன். ஆனால் ஒரு வசனம் இதுவரை இங்கே வரவில்லை. உயிர்த்தெழுந்தபின் சீடர்கள் காலத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "பிதாவானவர் தம்முடைய ஆதீனத்திலே வைத்திருக்கிற காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல" (அப்போஸ்தலர் 1:7). இந்த முறை தம்மை அறியாதவர்களின் வரிசையில் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. "எனக்கு" என்று சொல்லாமல் "உங்களுக்கு" என்கிறார்.

நடுக்கோடு எழுதியது:

நல்ல இடத்தைக் காட்டினீர்கள். சொல்லாததிலிருந்து வாதம் கட்டுவதில் நான் தயங்குவேன் என்றாலும், இரண்டு பதில்களுக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது. மனித மனம் வளரக்கூடியது என்றால், மகிமையடைந்த மனித மனத்துக்கு மரணத்துக்கு முன் இல்லாதது பின்பு கொடுக்கப்பட்டிருக்கலாம். அதற்குத் தேவ அறிவு விடப்படவும் வேண்டாம், திரும்பப் பெறப்படவும் வேண்டாம். மாற்றம் முழுவதும் மனித இயல்பில் நடக்கிறது. லூக்கா 2:52-இன் "விருத்தியடைந்தார்" என்ற சொல்லும் அப்போது தன் நேரான பொருளிலேயே நிற்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தமது இளமையில் கிறிஸ்துவுக்கு அனுபவத்தால் வளரும் மனித அறிவு இருந்ததை மறுத்து எழுதியிருந்தார். பிற்காலத்துப் பெருநூலில் அதைத் திருத்தி, மனித மனத்துக்கு இயல்பான அந்த வளர்ச்சியை அவருக்கு மறுக்கக் கூடாது என்றார். ஆனாலும் கடைசி நாளைக் குமாரன் அறியாதிருந்தார் என்பதை நேரான பொருளில் எடுக்க அவர் துணியவில்லை. வெளிப்படுத்தவில்லை என்ற அகஸ்தீனாரின் வழிக்கே போனார். வளர்ச்சியை ஏற்றுக்கொண்டவர் இந்த ஒன்றில் மட்டும் ஏன் நின்றுவிட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாணவி அவர்களுக்கு இதில் ஏதாவது தெரிந்தால் தனி இழையாகவே தொடங்கலாம்.